கோவலன் கண்ட கூடல்

உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சேற்றிய நாள்தொட்டு அந்நூலைக் கற்றோர் பலர். ஆனால் அவர்களுள் பலரும் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. அது 14ஆவதாகிய ஊர்காண் காதை. கோவலன் தனியனாய் மதுரை நகரைச் சுற்றிக் காண்கிறான், மீள்கிறான். கதை ஓரடியும் நகரவில்லை, இது வெறும் வருணனையே என்று குறை கூறுவாரும் உளர். அக்குறை பொருந்துமா?

காவிரிப்பூம்பட்டினத்து வணிகனுக்குப் பாண்டியன் தலைநகர் வேற்று நாடே. கண்ணகியைக் கவுந்தியடிகளின் காவலில் விடுத்து, நகரத்து வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகச் சொல்லிப் புறப்படுகிறான். வாளேந்திய யவனர் காக்கும் வாயிலில், அவர்கள் ஐயுறாவண்ணம் நுழைகிறான். புகாரில் யவனர் இருக்கைகளைக் கண்டு வளர்ந்தவன் அவன். அங்கே அவர்கள் அயலார்; இவன் ஊரான். இங்கோ அவர்கள் காவலர், இவனே அயலான். இம்மாற்றத்தை இளங்கோவடிகள் விளக்கவில்லை. காட்டிவிட்டு மேலே செல்கிறார்.

நகரினுள் கணிகையர் வீதிகள் முதலில் வருகின்றன. இப்பகுதி அளவு மீறி நீள்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும், அதன்பின் வரும் கடைவீதிகளில் வணிகனின் கண் விழித்துக்கொள்கிறது. வயிரத்தின் குற்றங்களையும், மாணிக்கத்தின் வகைகளையும், முத்தின் தன்மையையும் நுணுகி ஆய்ந்தறிந்த வீதி ஒன்று. நால்வகைப் பொன்னையும் வாங்குவோர் மயங்காதிருக்கக் கொடி கட்டிய வீதி மற்றொன்று. அப்பால் அறுவை வீதியும் கூல வீதியும்.

காதையின் உயிர்நிலை மணிக்கடை வீதியிலேயே உள்ளது. மாணிக்கத்தையும் முத்தையும் தெரிந்து விற்கும் ஊர், மாணிக்கப் பரல் கொண்ட சிலம்பையும் முத்துப் பரல் கொண்ட சிலம்பையும் பிரித்தறிய முற்படவே இல்லை. அச்சோதனையைக் கணவனை இழந்த பெண்ணொருத்தி அரசவையில் வந்து செய்ய வேண்டியதாயிற்று. இவ்வருணனையை நீக்கிவிட்டால் வழக்குரை காதையின் கூர்மை பாதி மழுங்கிவிடும்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. வணிகரைக் காணச் சென்றவன் ஒருவரையேனும் கண்டதாகக் காதை கூறவில்லை. நகரினுள் அவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. மதில்மேற் கொடிகள் 'வாராதே' எனத் தடுப்பனபோல் அசைந்ததை முந்திய காதையில் கண்டோம். இப்போது அவ்வூரின் கொடிப்பந்தர் நிழலில் வெயில் தெரியாது உலவி, மகிழ்ந்து மீள்கிறான். மீண்டவன் கவுந்தியடிகளிடம் புகழ்வது மதுரையின் சிறப்பையும் தென்னவன் செங்கோலையுமே. பின்னர்ச் சிலம்புடன் வந்தபோது, அக்கடைவீதியில் அவன் பேசக் கேட்கும் முதல் மனிதன் பொற்கொல்லன்! அவன் கோலத்தைக் கண்டே அவனை அரசனிடம் சிறப்புப் பெற்றவன் என்று நம்பிவிட்டான்.

பிழைப்பை நாடிப் பிற மாநில நகரங்களில் வந்திறங்கிய நம்மிற் பலர்க்கும் அந்த முதல் நாள் நினைவில் இருக்கும். கட்டடங்களும் கடைகளும் கண்ணை நிறைக்க, காணச் சென்றவரைக் காணாமலே திரும்பியிருப்போம். ஆயினும் ஊரை அறிந்துவிட்டதாக மகிழ்ந்திருப்போம். ஊரைக் கண்டவன் ஊராரை அறியவில்லை என்பதை இளங்கோவடிகள் ஒரு காதை முழுதும் சொல்லாமற் சொல்லியிருக்கிறார். இக்காதையை மீண்டும் ஒருமுறை மெல்லப் படிக்குமாறு அன்பர்களை வேண்டுகிறேன்.