விதவையும் ஆயக்காரனும்

லூக்கா நற்செய்தியின் 18-ஆம் அதிகாரம் இறைவேண்டலைப் பற்றிய இரண்டு உவமைக் கதைகளோடு தொடங்குகின்றது. முதற்கதையில் விதவை ஒருத்தி, தன் எதிராளியின்மேல் நீதி வேண்டி நடுவன் ஒருவனிடம் மீண்டும் மீண்டும் செல்கின்றாள். நெடுநாள் மறுத்த அவன், இறுதியில் அவள் தொல்லை பொறுக்காமல் இணங்குகின்றான்.

இந்நடுவனைக் கடவுளுக்கு உவமையாகக் கொண்டு இடர்ப்படுவோர் உளர். அவ்வாறு கொண்டால், நச்சரித்தால் இறைவனும் பணிவான் என்றன்றோ பொருள்படும்? ஈண்டு அமைந்திருப்பது கைமுதிக நியாயம். தீய நடுவனே நீதி வழங்குவானாயின், இரவும் பகலும் தன்னை நோக்கிக் கூவுவோர்க்கு நீதியே வடிவான இறைவன் வழங்குவான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ என்பதே கருத்து.

நடுவன் கடவுளுக்கு அஞ்சாதவன் என்பது இருமுறை வருகின்றது. ஒருமுறை கதை சொல்வோர் கூற்றாக, மறுமுறை அவன் வாய்மொழியாக. கூறியது கூறல் குற்றம் என்பார் நன்னூலார். இங்கோ அது கதையின் உயிர்நிலை. இறையச்சம் இல்லாதவன் இவன் என்று வற்புறுத்தி, இறைவனுக்கும் இவனுக்கும் உள்ள தொலைவை அது காட்டுகின்றது.

நீதி கேட்டு அவை புகுந்த கண்ணகியின் கையில் சிலம்பு இருந்தது. இவ்விதவையின் கையில் ஏதும் இருந்ததாகக் கதை கூறவில்லை. திரும்பத் திரும்ப வருதலே அவளுடைய வழக்குரை.

அடுத்த கதையில் பரிசேயன் ஒருவன் ஆலயத்தில் நின்று, வாரம் இருமுறை நோன்பிருப்பதையும் பத்திலொரு பங்கு செலுத்துவதையும் எடுத்துரைக்கின்றான். ஆயக்காரனோ தொலைவில் நின்று, கண்களையும் ஏறெடுக்காமல், மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் வேண்டுகின்றான். நீதிமானாக வீடு திரும்பியவன் அவனே.

இவ்விரண்டையும் பிரித்துக் கற்பித்தல் பெரும்பிழையாகும். முதற்கதையை மட்டும் கற்றவன் வேண்டுதலை உரிமை வழக்காக்கிவிடுவான். இரண்டாவதை மட்டும் கற்றவன், ஒருமுறை கேட்டு வாளாவிருத்தலே பணிவு என்று எண்ணுவான். அவ்வமைதி பல வேளைகளில் நம்பிக்கை இழந்தவனின் அமைதியே. மூடிய கதவையே மீண்டும் தட்டுகின்றவன், தனக்கு வேறு கதவு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளுகின்றான். அதனினும் பெரிய பணிவு யாது?

மானிட மகன் வரும்போது மண்ணுலகில் விசுவாசத்தைக் காண்பாரோ என்ற வினாவோடு விதவையின் கதை முடிகின்றது. அவ்வினாவை அடுத்தே ஆயக்காரன் கதை தொடங்குகின்றது.