மூச்சின் விலை: 'கிராவிட்டி' திரைப்படமும் திரையரங்கின் தேவையும்

ஒவ்வொரு கலைக்கும் அதற்கே உரிய இடம் ஒன்று உண்டு. கவிதையைத் தனிமையில் வாசிக்கலாம். சொற்பொழிவுக்குச் சபை வேண்டும். ஒரு கட்டடத்தின் அழகை அதனுள்ளே நடந்து பார்த்தாலன்றி முழுமையாக அறிய இயலாது. திரைப்படத்துக்குரிய இடம் திரையரங்கு என்பது நெடுங்காலம் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்தது. தொலைக்காட்சியும் குறுந்தகடும் கைப்பேசியும் வந்த பின்னர் அந்த உறுதி தளர்ந்துவிட்டது. எனவே, ஒரு படத்தைத் திரையரங்குக்குச் சென்றுதான் பார்க்க வேண்டுமா என்ற கேள்வி இன்று நியாயமானதே. பணமும் நேரமும் செலவாகின்றன என்பது ஒரு காரணம். இருட்டறை ஒன்றில் நம் கண்ணையும் செவியையும் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு அமர்கிறோம் என்பது அதனினும் பெரிய காரணம்.

இக்கேள்விக்கு எல்லாப் படங்களுக்கும் பொருந்தும் விடை கிடையாது. குடும்பக் கதைகளும் நகைச்சுவைப் படங்களும் வீட்டுத் திரையில் பெரிதாக எதனையும் இழப்பதில்லை. ஆயினும் சில படங்கள் திரையரங்கை விட்டு வெளியே வந்ததும் தம் பொருளையே இழந்துவிடுகின்றன. விண்வெளியில் உயிர் பிழைக்கப் போராடும் மனிதரை இயற்கை விதிகளுக்கு உட்பட்டுக் காட்ட முனையும் படங்கள் இவ்வகையைச் சார்ந்தவை என்பது எமது கருத்து. மெக்சிகோ நாட்டு இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட 'கிராவிட்டி' திரைப்படத்தைக் கொண்டு இக்கருத்தை ஆராய்வோம்.

எதிரி இல்லாத போராட்டம்

விண்வெளியைக் களமாகக் கொண்ட படங்களுள் பெரும்பாலானவை பூமியின் சண்டைகளை வானத்துக்கு இடம் மாற்றியவையே. அங்கும் பகைவர்கள் உண்டு. காற்றே இல்லாத வெளியில் வெடிச்சத்தமும் உண்டு. உயிர் பிழைத்தலைப் பேசும் யதார்த்தப் படங்களில் பகைவர் எவரும் இல்லை. மனிதனைக் கொல்ல எவரும் முயல்வதில்லை. அவன் உயிரோடிருப்பதற்கான ஏற்பாடுகள் அங்கே இல்லை, அவ்வளவே.

ரான் ஹவர்ட் இயக்கிய 'அப்பல்லோ 13' (1995) இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1970 ஏப்ரல் 13 அன்று சந்திரனை நோக்கிச் சென்ற கலத்தின் பிராணவாயுக் கொள்கலன் ஒன்று வெடித்தது. கலத்தினுள் கரியமில வாயு பெருகியபோது, சதுர வடிவ வடிகட்டிகளை வட்ட வடிவத் துளைகளுக்குப் பொருந்தச் செய்வது மூன்று மனிதரின் உயிர்ப் பிரச்சினையாயிற்று. அட்டையும் பிளாஸ்டிக் உறையும் ஒட்டும் பட்டையும் கொண்டு அதனைச் செய்து முடித்தார்கள். ரிட்லி ஸ்காட்டின் 'தி மார்ஷியன்' (2015) செவ்வாயில் தனித்து விடப்பட்டவன் உருளைக்கிழங்கு பயிரிட்டு நாள்களை எண்ணும் கதை. அதன் செவ்வாய் நிலக் காட்சிகள் ஜோர்தானின் வாதி ரம் பாலைவனத்தில் படமாக்கப்பட்டன.

இவ்விரண்டு படங்களிலும் பூமியிலிருந்து உதவிக்குரல் வந்துகொண்டிருக்கிறது. 'கிராவிட்டி'யில் அக்குரலும் அறுந்துவிடுகிறது. ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கச் சென்ற ரையன் ஸ்டோன் என்னும் பெண் மருத்துவப் பொறியாளர், சிதைந்த செயற்கைக்கோள்களின் துண்டுகள் தம் விண்கலத்தைத் தகர்த்த பின்னர், ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்துக்குத் தாவித் தாவிப் பூமிக்கு மீள்வதே கதை. இத்துணை எளிய கதையைத் திரையரங்கில் காண்பதற்குரியதாக ஆக்குவது எது?

புள்ளியாகும் மனிதன்

படத்தின் முதற்காட்சி 12 நிமிடங்களுக்கும் மேலாக வெட்டு எதுவும் தென்படாமல் தொடர்கிறது. முதலில் பூமி திரையை நிறைக்கிறது. தொலைவில் தோன்றும் சிறு பொட்டு மெல்ல நெருங்கி வந்து விண்கலமாகிறது. அதன் மீது மனிதர்கள் தெரிகிறார்கள். அவர்தம் பேச்சு கேட்கிறது. விபத்து நேர்ந்ததும் இதே வரிசை தலைகீழாகிறது. ஸ்டோன் சுழன்று சுழன்று விலகுகிறாள். மனித உருவம் பொட்டாகி, பொட்டு புள்ளியாகி, புள்ளி விண்மீன்களுக்கு இடையே கரைகிறது.

இக்காட்சி திரையின் அளவைச் சார்ந்தது. அகன்ற திரையில் அப்புள்ளி சிறிதாயினும் இருக்கிறது. அரங்கில் அமர்ந்திருப்பவரின் கண் அதனைத் தேடுகிறது, கண்டுபிடிக்கிறது, இழந்துவிடுவோமோ என்று அஞ்சுகிறது. கைப்பேசித் திரையில் அப்புள்ளி இல்லவே இல்லை; எஞ்சுவது வெறும் கறுப்பு. அளவு சுருங்கும்போது காட்சியின் அழகு மட்டும் குறைவதில்லை, அதன் செய்தியே அழிந்துபோகிறது. கைக்குள் அடங்கும் பூமி நம்மைச் சிறியவராக்க மாட்டாது. நம்மினும் பன்மடங்கு பெரிதாய் எழுந்து நிற்கும் பூமியே நம் அளவை நமக்குக் காட்டும்.

ஒளிப்பதிவாளர் இமானுவேல் லூபெஸ்கியின் பங்கு இங்கு குறிப்பிடத்தக்கது. உட்சுவர்களெங்கும் சிறு மின்விளக்குகள் பதிக்கப்பட்ட பெட்டி ஒன்றினுள் நடிகை சாண்ட்ரா புல்லக் நிறுத்தப்பட்டார். அவரைச் சுழற்றுவதற்குப் பதிலாக அவரைச் சுற்றியிருந்த ஒளியைச் சுழற்றினார்கள். பூமியின் நீல ஒளியும் கதிரவனின் வெள்ளொளியும் அவர் முகத்தில் மாறி மாறி விழுவது இவ்வாறே நிகழ்ந்தது. எது மேல், எது கீழ் என்ற உணர்வு பார்ப்பவருக்கு அற்றுப்போவதற்கு இம்முகவொளியே காரணம்.

மௌனமும் மூச்சும்

ஒலியைச் சுமந்து செல்ல அங்கே எதுவும் இல்லை என்பதைப் படம் தொடக்க எழுத்துகளிலேயே அறிவித்துவிடுகிறது. பின்னர் அவ்விதிக்குப் பெரும்பாலும் கட்டுப்படுகிறது. மாபெரும் நிலையங்கள் துண்டு துண்டாகச் சிதறும்போது உடையும் ஓசை கேட்பதில்லை. ஸ்டோனின் கை எதனைத் தொடுகிறதோ அதன் அதிர்வு மட்டும் அவளது உடைவழியே மந்தமாக நம்மை அடைகிறது. ஏனைய நேரங்களில் கேட்பது அவளது மூச்சு. விண்ணுடைக்குள் ஒலிக்கும் மூச்சை ஸ்டான்லி குப்ரிக் 1968இலேயே '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் பயன்படுத்தியிருந்தார். குவாரோன் அதனைத் தம் படத்தின் கணக்கேடாகவே ஆக்கிவிட்டார். பிராணவாயு குறையக் குறைய மூச்சின் வேகம் மாறுகிறது. அச்சத்தில் விரைந்து மூச்சுவாங்கினால் இருப்பு இன்னும் விரைவாகத் தீரும் என்பதை நாமும் அவளோடு எண்ணத் தொடங்குகிறோம்.

வீட்டில் மௌனம் கிடையாது. மின்விசிறியின் ஓசையும் தெருவின் இரைச்சலும் அண்டை வீட்டாரின் பேச்சும் படத்தின் மௌனத்தை நிரப்பிவிடுகின்றன. அரங்கிலோ மௌனம் ஒரு பொருளாகவே உருப்பெறுகிறது. ஒருவர் தனியே பேசாதிருப்பது வேறு. முந்நூறு பேர் ஒருசேர மூச்சடக்கி அமர்ந்திருப்பது வேறு. கூட்டாக இருந்து அமைதி காத்த அனுபவம் உடையோர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

காலத்தைக் குறித்தும் இதனையே கூறலாம். சிதைவுத் துண்டுகள் பூமியைச் சுற்றி 90 நிமிடங்களில் மீண்டும் வரும் என்பதால் ஸ்டோன் தன் கடிகாரத்தில் நேரம் குறித்துக்கொள்கிறாள். படத்தின் நீளமும் 91 நிமிடங்களே. வீட்டில் பார்ப்பவர் விரும்பியபோது படத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்தலாம். காலம் தம் கைவசம் இருப்பவர், காலம் கைவிட்டுப்போன ஒருத்தியின் நிலையை எவ்வாறு உணர்வார்? நிறுத்த இயலாமை திரையரங்கின் குறைபாடாகக் கருதப்படுகிறது. இப்படத்துக்கு அதுவே தேவை.

பிழைகளும் உண்மையும்

இப்படத்தின் யதார்த்தத்தை மறுப்போர் உளர்; அவர்தம் வாதங்களில் வலுவும் உண்டு. ஹபிள் தொலைநோக்கி ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 28.5 பாகை சாய்ந்த பாதையில் சுற்றுகிறது. சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் 51.6 பாகை சாய்வில் சுற்றுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முதுகில் கட்டிய சிறு உந்துகருவியால் செல்வது இயலாத காரியம். ஜார்ஜ் குளூனி ஏற்ற கொவால்ஸ்கி என்னும் பாத்திரம், கயிற்றின் முனையில் இயக்கம் நின்றுவிட்ட பின்னரும் ஏதோ ஒன்று தன்னை இழுப்பதுபோலத் தொங்கி, ஸ்டோனைக் காக்கத் தன்னை விடுவித்துக்கொள்கிறது. அங்கே அவ்வாறு இழுக்கும் விசை எதுவும் இல்லை.

இப்பிழைகளை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. எனினும், படத்தின் அடிப்படை அச்சம் கற்பனையன்று. சுற்றுப்பாதையில் ஒரு மோதல் மேலும் பல மோதல்களுக்கு வித்திடலாம் என்பதை டொனால்ட் கெஸ்லர் 1978இலேயே ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். 2009 பெப்ரவரியில் அமெரிக்க, ரஷ்யச் செயற்கைக்கோள்கள் இரண்டு ஒன்றோடொன்று மோதிச் சிதறின. படத்தில், ரஷ்யா தன் செயற்கைக்கோளைத் தானே ஏவுகணையால் தகர்ப்பதே பேரழிவின் தொடக்கம். படம் வெளியாகி எட்டு ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பர் 15 அன்று, ரஷ்யா அதனையே செய்தது. கண்காணிக்கத்தக்க அளவிலான 1,500க்கும் மேற்பட்ட துண்டுகள் உருவாயின. விண்வெளி நிலையத்தில் இருந்த எழுவரும் தத்தம் கலங்களுக்குள் புகுந்து காத்திருக்க நேர்ந்தது. பாதைக் கணக்கில் தவறிய படம், மனிதப் பொறுப்பின்மையின் கணக்கில் தவறவில்லை.

எமது குறை வேறிடத்தில் உள்ளது. ஸ்டீவன் பிரைஸின் இசை, கேளாத ஓசைகளின் இடத்தை நிரப்ப அமைக்கப்பட்டது. முற்பகுதியில் அது அளவோடு நின்று அச்சத்தைக் கூட்டுகிறது. இறுதிப் பகுதியிலோ எப்போது நெகிழ வேண்டும், எப்போது எழுச்சிகொள்ள வேண்டும் என்று பார்ப்பவருக்குக் கட்டளையிடத் தொடங்கிவிடுகிறது. இசைக்கான ஆஸ்கர் உட்பட ஏழு ஆஸ்கர் விருதுகளை இப்படம் பெற்றது. ஆயினும் மௌனத்தை நம்பிய இயக்குநர் அதனை இறுதிவரை நம்பியிருக்கலாம் என்றே நாம் கருதுகிறோம். சிறு மகளை இழந்த தாய் என்ற முன்கதையும் இத்தகையதே. மூச்சுத் திணறும் ஒரு மனிதப் பிறவி மீது பரிவு கொள்ள நமக்கு வேறு காரணம் தேவையில்லை.

கற்றுத்தரப்படாத பிரார்த்தனை

எரிபொருள் தீர்ந்த சோயுஸ் கலத்தில் தனித்திருக்கும் ஸ்டோனின் வானொலியில், கிரீன்லாந்துப் பகுதியின் மீனவர் ஒருவரின் குரல் தற்செயலாகக் கேட்கிறது. ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியவில்லை. நாய்கள் குரைக்கின்றன, குழந்தை ஒன்று அழுகிறது. தான் இறக்கப்போவதை அவருக்குச் சொல்லும் ஸ்டோன், தனக்காகப் பிரார்த்திக்க எவருமில்லை என்றும், பிரார்த்திக்கத் தனக்கு எவரும் கற்றுத்தரவில்லை என்றும் கூறுகிறாள். அக்கலத்தில் கிறித்தவப் புனிதர் ஒருவரின் படம் உண்டு. பின்னர் அவள் ஏறும் சீனக் கலத்தில் புத்தர் உருவம் உண்டு. அவற்றை வைத்தவர்களுக்கு ஏதோ ஒரு பற்றுக்கோடு இருந்தது. அவளுக்கு அது இல்லை.

விண்வெளியில் வணங்குவது எப்படி என்ற வினா வெறும் திரைக்கற்பனையன்று. 2007 அக்டோபரில், ரமளான் மாதத்தில், மலேசியாவின் ஷேக் முஸபர் ஷுகோர் மெய்யான சோயுஸ் கலத்திலேயே விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். தொழுகை, நோன்பு, கிப்லாவின் திசை ஆகியன குறித்து அந்நாட்டு மார்க்க அறிஞர்கள் முன்னதாகவே வழிகாட்டி ஒன்றை வகுத்திருந்தனர். கஅபாவை நோக்க இயலாதவிடத்துப் பூமியையேனும் நோக்கலாம், அதுவும் இயலாதவிடத்து இயன்ற திசையை நோக்கலாம் என்பது அதில் கண்ட இலகு. ஒருவருக்கு எத்திசையும் இல்லாத வெளியிலும் ஒரு திசை கற்பிக்கப்பட்டிருந்தது. ஸ்டோனின் துயரம் அவளிடம் பிராணவாயு இல்லை என்பது மட்டுமன்று. மனம் திரும்புவதற்கு ஒரு திசையும் இல்லை என்பதே. இதனைக் குவாரோன் எந்தப் பரப்புரையுமின்றிச் சொல்லிச் செல்வது இப்படத்தின் கண்ணியம்.

ஏரியில் விழுந்த கலத்திலிருந்து நீந்திக் கரையேறும் அவள், ஈரமண்ணைக் கைப்பிடியளவு அள்ளிப் பற்றிக்கொண்டு நன்றி என்று முணுமுணுக்கிறாள். யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, படமும் சொல்லவில்லை. பின்னர் தள்ளாடி எழுந்து நிற்கிறாள். அக்கணத்தில் 'கிராவிட்டி' என்ற பெயர் பொருள் பெறுகிறது. இதுவரை எவ்விடத்தும் உணரப்படாதிருந்த ஈர்ப்பு அவளைக் கீழே இழுக்கிறது. அந்த இழுப்பே அருட்கொடையாகத் தோன்றுகிறது.

முடிவாக ஒன்று கூறலாம். திரையரங்கு தகுதியான இடமா என்று தயங்குவோர் ஒரு படத்தை நோக்கிக் கேட்க வேண்டிய வினா, அது பார்ப்பவரை எந்நிலையில் வெளியே அனுப்புகிறது என்பதே. மனிதனின் ஆற்றலைப் பெருக்கிக் காட்டி அவனை வீங்கச் செய்யும் படங்கள் பல. அவனது சிறுமையைக் காட்டி, கணக்கிடாமல் நாள்தோறும் நுகரும் காற்றையும் நீரையும் காலடி மண்ணையும் கணக்கிடச் செய்யும் படங்கள் மிகச் சில. அச்சிறுமையை உணர்வதற்குப் பெரிய திரையும் முழு இருளும் பலரோடு பகிர்ந்த மௌனமும் வேண்டும். 'கிராவிட்டி' மீண்டும் அரங்கில் திரையிடப்படுமாயின், அதற்காக ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவது வீணாகாது.