மாயக் கதையும் இல்லக் கல்வியும்

கதை கேட்க விரும்பாத குழந்தை இல்லை. எனினும், கேட்டு மகிழ்தற்குரிய மாயக் கதையை இல்லத்திலே எழுத்தறிவிக்குங் கருவியாகக் கொள்ளலாமோ என்னும் வினா எழும்போது, பெற்றோர் இரு திறத்தினராய்ப் பிரிகின்றனர். ஒரு சாரார், சூனியக்காரியும் பேசும் ஓநாயும் நிறைந்த கதைகள் பொய் புகட்டுவன எனக் கருதி அரிவரியோடு அமைகின்றனர். மறு சாரார், படக் கதைநூலொன்றைக் கையிற் கொடுத்துவிட்டால் வாசிப்புத் தானே வந்தெய்தும் என நம்புகின்றனர். இரு கொள்கையும் குறையுடையன என்பதே எமது துணிபு.

கதைவழி மொழி பயிற்றல் தமிழுக்குப் புதிதன்று. வீரமாமுனிவர் இயற்றிய பரமார்த்த குரு கதை, தமிழ் கற்கவந்த ஐரோப்பியர்க்குப் பயிற்சி நூலாகவே பயன்பட்டது. வளர்ந்தோர்க்கே நகைச்சுவைக் கதை துணையாயிற்றெனின், சிறாருக்கு அது மிகையாகுமோ?

மாயக் கதைகளுள் உலகெங்கும் பரந்தவை ஜேர்மனியரான கிறிம் சகோதரர் தொகுத்தவை. 1812 ஆம் ஆண்டில் வெளிவந்த முதற்றொகுதி, பெயரளவிற் குழந்தைகளையும் இல்லத்தையும் சுட்டியதாயினும், ஆராய்ச்சிக் குறிப்புக்கள் நிறைந்ததாய் அறிஞர்க்கே பெரிதும் ஏற்றதாயிருந்தது. 1819 ஆம் ஆண்டுப் பதிப்பில், வெண்பனிச் சிறுமியைக் கொல்ல எண்ணிய பெற்ற தாய் மாற்றாந்தாயாக மாற்றப்பட்டாள். 1825 ஆம் ஆண்டில், ஐம்பது கதைகளை மட்டுந் தெரிந்தெடுத்த சிறு பதிப்பொன்று படங்களோடு வெளிவந்தது. தொகுத்தோரே கேட்போர்க்கேற்பக் கதையைத் திருத்தினர் என்பது இதனாற் பெறப்படும். ஆதலின், தம் பிள்ளைக்கேற்பக் கதையைச் சுருக்கவும் மாற்றவும் பெற்றோருக்கும் உரிமையுண்டு.

இக்கதைகளின் கல்விப் பயன் அவற்றின் அமைப்பிலேயே உளது. ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும் என்ற கதையை நோக்குக. தாயாடு வெளியே சென்றபின், ஓநாய் மும்முறை வந்து கதவைத் தட்டுகின்றது. முதன்முறை கரகரத்த குரலாலும், இரண்டாம் முறை கருநிறக் காலாலும் அது அறியப்படுகின்றது. சுண்ணக்கட்டியைத் தின்று குரலை மென்மையாக்கி, மாப்பூசிக் காலை வெண்மையாக்கி வந்த மூன்றாம் முறை ஏமாற்றிவிடுகின்றது. கதவு, குரல், கால் என்னுஞ் சொற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆயினும் பிள்ளைக்குச் சலிப்பில்லை. அடுத்து என்னாகுமோ என்னும் ஆவலே காரணம். இருபது முறை எழுதுவிக்குஞ் சொல்லில் இவ்வாவல் பிறவாது.

இனி, நம் நாட்டுப் பிள்ளைக்கு இன்னுமொரு தடையுண்டு. அது பேசும் மொழி வேறு. படிக்கும் மொழி வேறு. ‘கதவைத் திறவுங்கோ’ எனப் பேசும் யாழ்ப்பாணத்துச் சிறுவன், நூலிலே ‘கதவைத் திறவுங்கள்’ எனக் காண்கின்றான். முன்னரே பேச்சு நடையிற் கேட்டறிந்த கதையை எழுத்து நடையிற் சந்திக்கும்போது, பொருள் தெரிந்திருத்தலால் வடிவ வேற்றுமை அவனை மருட்டுவதில்லை. ஆகவே, முதலிற் சொல்லுக; பின்னரே நூலைத் திறக்க.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். கேட்டுக் கேட்டு மனனஞ் செய்த கதையைப் படம் பார்த்து ஒப்புவிக்கும் பிள்ளையைக் கண்டு, ‘வாசிக்கின்றான்’ எனப் பெற்றோர் மகிழ்வதுண்டு. அது வாசிப்பன்று, நினைவாற்றலே. படத்தை மறைத்து, ‘குயிலின் குரல் இனிது’ எனக் கதையில் இல்லாத வாக்கியமொன்றை எழுதிக் காட்டுக. குரல் என்னுஞ் சொல்லை ஆங்கும் இனங்கண்டால் வாசிப்புத் தொடங்கிற்று எனலாம். அச்சொல்லைப் பிரித்துக் கு, ர, ல் என எழுத்துக்களை அறிவித்து, குடம், குயில் எனப் பிற சொற்களுக்குச் செல்லுக. 247 எழுத்துக்களையுங் கற்றபின்னரே கதை என்பது எவ்வளவு தவறோ, எழுத்தை முறையாகக் கல்லாமற் கதை போதும் என்பதும் அவ்வளவு தவறே.

எழுத்துப் பயிற்சியும் இவ்வழியே வளர்தற்பாலது. அக்கதையிற் கடைக்குட்டி கடிகாரப் பெட்டிக்குள் ஒளிந்து உயிர் தப்புகின்றது. நம் வீட்டிலாயின் அது எங்கே ஒளிந்திருக்கும் என வினவுக. பெட்டகத்துள் என்று பிள்ளை விடையிறுப்பின், அவ்விடையையே எழுதிக் கொடுத்துப் பார்த்தெழுதச் செய்க. பிறர் வாக்கியத்தைப் பார்த்தெழுதுவதற்கும் தன் எண்ணத்தை எழுத்தாகக் காண்பதற்கும் உள்ள வேற்றுமை பெரிது.

அச்சமூட்டும் என்பாரும் உளர். ஓநாயின் வயிற்றினின்றும் ஆறு குட்டிகளும் உயிரோடு மீள்வதும், ஓநாய் கிணற்றில் மாள்வதும் குழந்தை உள்ளத்துக்கு ஆறுதலளிக்கும் முடிவுகளே. ஆயின், மாற்றாந்தாயிடம் வளரும் பிள்ளைக்குக் கொடிய மாற்றாந்தாய்க் கதையைத் தேர்ந்து கூறுதல் தகாது. நீதியை ஈற்றில் ஒட்டுவதிலும் அளவு வேண்டும். பிரான்சியரான பெரோ, 1697 இல் வெளியிட்ட கதைகளின் இறுதியிற் செய்யுளால் நீதி கூறினார். இல்லத்திலோ பிள்ளையே நீதியை உணர்ந்து சொல்லுமாறு விடுதல் நன்று. வினாத்தாளாக மாறிய கதையைப் பிள்ளை மீண்டுங் கேளாது.

முடிவாக, மாயக் கதை ஆசிரியரன்று; ஆசிரியர்க்குத் துணையே. அதனைச் சொல்லவும், உடனிருந்து படிக்கவும், பிள்ளையின் விடையைக் காத்திருந்து கேட்கவும் ஒருவர் வேண்டும். நாடோறும் கால் மணி நேரம் அவ்வாறு அமர்தற்கு இயலாத இல்லத்தில், எத்துணைச் சிறந்த கதைநூலும் அலமாரிக்கு அணியாகுமேயன்றி அறிவுக்குத் துணையாகாது.