கழற்றியவர் எழுதிய புத்தகம்

கார் ரிப்பேர் புத்தகத்துக்கெல்லாமா விமரிசனம் என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டுவதற்குள் ஒரு தகவல். உலகம் முழுக்க 20 கோடி பிரதிகளுக்கு மேல் விற்ற வரிசை இது. பெயர் ஹெய்ன்ஸ் மேனுவல். வாங்கியவர்களில் பலர் கிரீஸ் படிந்த விரல்களோடு படித்திருக்கிறார்கள். எந்த நாவலாசிரியருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?

ஜான் ஹெய்ன்ஸ் 1938-ல் இலங்கையில் பிறந்தவர். அப்பாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் மானேஜர் வேலை. இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் படிக்கும்போதே ஒரு ஆஸ்டின் 7-ஐ ஸ்போர்ட்ஸ் காராக மாற்றிக் கட்டி, அதைச் செய்த விதத்தைச் சின்னக் கையேடாகப் போட்டு விற்றவர். பிறகு விமானப்படை. 1965-ல் ஏடனில் இருந்தபோது கூட வேலை பார்த்தவர் ஒருவர் ஓய்ந்துபோன ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் ஒன்றை வாங்கிவிட்டு, 'கொஞ்சம் வந்து பாரேன்' என்று கூப்பிட்டார்.

ஸ்ப்ரைட் 1958-ல் வந்த குட்டி ஸ்போர்ட்ஸ் கார். பானெட் மேல் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு விளக்குகளால் பிரிட்டிஷ்காரர்கள் வைத்த செல்லப்பெயர் 'தவளைக்கண்'. டிக்கிக்கு மூடி கிடையாது. கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது. ஆனால் மட்கார்டு, பானெட் எல்லாம் ஒரே துண்டாக மேலே தூக்கிக்கொள்ளும். உள்ளே 948 சிசி, நாலு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். பேர்தான் ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் என்னவோ சாதுவான மொரிஸ் மைனரில் இருந்த அதே குடும்பத்து எஞ்சின்தான். வீட்டு ஷெட்டில் வைத்தே பிரித்துப் பார்க்கலாம் என்ற தைரியம் அதனால்தான் வருகிறது.

கம்பெனி போட்ட மேனுவல் சாதாரணக் கார்க்காரருக்கு உதவாது என்று ஹெய்ன்ஸ் கண்டார். ஒரு காமிரா வாங்கினார். எஞ்சினைப் பிரிப்பதையும் மறுபடி பூட்டுவதையும் கட்டம் கட்டமாகப் படம் பிடித்தார். 1966-ல் புத்தகம் வந்தது. முதலில் அச்சடித்த 3000 பிரதிகள் மூன்று மாதத்துக்குள் காலி.

இதில் என்ன பெரிய இலக்கியம் என்கிறீர்களா? எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதுதான். கம்பெனி மேனுவல் எழுதுகிறவருக்கு எஞ்சின் தெரியும். ஹெய்ன்ஸுக்கு எஞ்சினும் தெரியும், அதைத் திறக்கப் பயப்படுகிற ஆளையும் தெரியும். அதனால் அவர் வாசகரிடம் மேதாவித்தனம் காட்டுவதில்லை. 'இதைக் கழற்று, படத்தைப் பார், அடுத்தது இது' என்று கூடவே நிற்கிறார். தான் தொட்டுப் பார்த்ததைத்தான் எழுதுவது என்ற நேர்மை பல ரகப் புத்தகங்களுக்கு நல்லது.

குறை இல்லையா? உண்டு. இரண்டு.

முதலாவது, இந்த மேனுவல்களில் வரும் கார் பெரும்பாலும் நேற்று வரை ஓடிய கார் போலவே நடந்துகொள்ளும். இருபது வருஷம் ஷெட்டில் தூங்கிய கார் அப்படி இல்லை. பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவாகி ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய் ஊற்றிவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் போல்ட்டு பாதியில் ஒடிந்துபோகும். 'நட்டைக் கழற்றவும்' என்ற ஒரே வரிக்குள் உங்களுடைய ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அடக்கம்.

இரண்டாவது, கழற்றிய வரிசையைத் தலைகீழாக்கினால் பூட்டிவிடலாம் என்று இவை அடிக்கடி முடித்துக்கொள்வது. வரிசை வேண்டுமானால் தலைகீழ், வேலை வேறு. கிராங்க் ஷாஃப்டை அளக்க வேண்டும். தேய்ந்திருந்தால் பட்டறையில் கொடுத்துக் கடைந்து, அந்த அளவுக்கு பேரிங் வாங்க வேண்டும். சிலிண்டரை ரீபோர் செய்தால் பெரிய சைஸ் பிஸ்டன். டைமிங் செயின் பல்சக்கரங்களின் குறிகள் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, 40 பவுண்டு-அடி வரை இறுக்க வேண்டும். கழற்ற ஸ்பானர் போதும். பூட்ட மைக்ரோமீட்டர் வேண்டும். இந்த அளவுகளெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. எந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போவது என்ற விவேகத்துக்குத்தான் பக்கம் போதவில்லை.

இருந்தும் என் ஓட்டு ஹெய்ன்ஸுக்குத்தான். நிபுணருக்கு மட்டும் என்று மூடி வைத்த ஒன்றை, 'நீயும் திறக்கலாம்ப்பா' என்று எல்லாருக்கும் நீட்டிய புத்தகம் இது. வாசகரை நம்பிய புத்தகம். ஹெய்ன்ஸ் 2019-ல் காலமானார். 2020-ல் கம்பெனி, இனி வரும் கார்களுக்கு அச்சில் புது மேனுவல் போடுவதில்லை என்று அறிவித்துவிட்டது. பழையவை மட்டும் அச்சில் தொடரும், புதியவை இணையத்தில் என்றார்கள். காகிதம் போனதில் எனக்கு வருத்தமில்லை. திறக்கவே முடியாதபடி பொருள்களைச் செய்யப் பழகிவிட்டோம், திறந்து பார்க்கும் ஆசையும் கூடவே போய்விடுமோ என்பதுதான் கவலை.

பழைய புத்தகக் கடையில் ஒரு ஹெய்ன்ஸ் மேனுவல் அகப்பட்டால் எஞ்சின் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். கிரீஸ் கறை எந்தப் பக்கத்தோடு நிற்கிறதோ, அதுவரை அந்த வாசகர் போயிருக்கிறார். கடைசிப் பக்கம் வரை கறை இருந்தால், பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.