கண்ணாடிக்குக் கொடுக்கும் காசு

கேனனின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸின் எடை 160 கிராம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கேனனின் லென்ஸ் பட்டியலில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பவற்றில் இதுவும் ஒன்று. அதனாலேயே பலர் இதைக் கற்றுக்குட்டிகளின் லென்ஸ் என்று ஒதுக்கிவிட்டு, நீளமான ஜூம் லென்ஸின் கம்பீரத்தில் மயங்கிப்போகிறார்கள். என் கணக்கில், காசுக்கு இத்தனை அழகைத் தருகிற பொருள் கேமரா கடையில் வேறு கிடையாது. குறைந்த பணத்தில் டிஎஸ்எல்ஆர் வாங்க நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இப்படிப்பட்ட ஒரு லென்ஸைப் பற்றித்தான். பாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதன் பூர்வீகம் பெரியது. 1817இல் கணித மேதை காஸ் தொலைநோக்கிக்காக இரண்டு பிறைவடிவக் கண்ணாடிகளைச் சேர்த்து ஓர் அமைப்பைச் சொன்னார். 1888இல் அமெரிக்காவின் ஆல்வன் கிளார்க் அதே அமைப்பை இரண்டாக்கி, ஒன்றையொன்று எதிர்நோக்க வைத்தார். ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் 1896இல் அதைச் செம்மைப்படுத்தி ‘பிளானர்’ என்ற லென்ஸைப் படைத்தார். நடுவில் துளை, அதன் இருபுறமும் ஏறக்குறைய ஒரே மாதிரியான கண்ணாடிகள். முன்பாதி செய்யும் பிழையைப் பின்பாதி எதிர்த்திசையில் செய்துவிடும். நேர்க்கோடு வளைவதும் ஓரத்தில் நிறம் பிரிவதும் பெருமளவு தாமாகவே கழிந்துபோகும். இந்தச் சமச்சீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் பிளானர் உடனே வெற்றி பெறவில்லை. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் பரப்புகள் அதில் எட்டு. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அடிக்கும். எட்டுப் பரப்புகளைக் கடப்பதற்குள் கால்பங்குக்கு மேல் ஒளி வீணாகும். வீணான ஒளி உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். 1935இல் அதே ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா பிரதிபலிப்பைத் தடுக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த அமைப்புக்கு முழு வாழ்வு கிடைத்தது. இன்று லென்ஸைச் சாய்த்துப் பிடித்தால் ஊதாவும் பச்சையுமாக மின்னுகிறதே, அந்தப் பூச்சின் வம்சம்தான் அது.

விலை குறைவதற்குக் காரணம் தரம் அல்ல, பௌதிகம். எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே மிரர் மேலெழுந்து இறங்க இடம் விட வேண்டும். லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து சென்சார் வரை கேனனில் 44 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் இந்த இடைவெளிக்கு இயல்பாகவே பொருந்திவிடுகிறது. 24, 18 என்று அகலமாகப் போகப் போக, பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளுவதற்கென்றே முன்னால் கூடுதல் கண்ணாடிகள் தேவைப்படும். அதனால்தான் துளை அகன்ற வைடு லென்ஸ்களுக்கு அவ்வளவு எடை, அவ்வளவு விலை. ஐம்பதுக்கு ஐந்து குழுக்களில் ஆறு கண்ணாடிகள் போதும்.

எஃப் 1.8 என்பது துளையின் அகலத்தைச் சொல்லும் எண்; எண் சிறிதானால் துளை பெரிது. அதன் பயனை இருட்டில்தான் உணர முடியும். பெட்டியோடு வரும் 18-55 கிட் லென்ஸை 50க்கு அருகே கொண்டுபோனால் துளை 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கிட் லென்ஸில் 1/8 நொடி கேட்கிற கல்மண்டபத்தில் இதற்கு 1/80 நொடி போதும். கை நடுக்கம் படத்தில் தெரியாது. அகல் விளக்கொளியில் ஒரு முகத்தை ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். ஃபிளாஷ் அந்த மஞ்சள் வெளிச்சத்தைக் கொன்றுவிடும் என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். முழுவதும் திறந்தால் ஓரங்களில் ஒரு மென்மை இருக்கும், உருவத்துக்குப் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து நிற்கும். துளையை எஃப் 4க்குச் சுருக்கினால் அதே லென்ஸ் இமை மயிரை எண்ணிக் காட்டும்.

நடுத்தர விலை டிஎஸ்எல்ஆர்களின் சென்சார் 35 மி.மீ. ஃபிலிமை விடச் சிறியது. அதனால் லென்ஸின் குவியத் தூரத்தை நிக்கானில் 1.5, கேனனில் 1.6 என்ற காரணியால் பெருக்க வேண்டும். எனவே கேனனில் 50 என்பது 80 போல நடந்துகொள்ளும்: முகங்களுக்கு உத்தமம், சிறிய அறைக்குள் சிரமம். ஃபிலிமில் ஐம்பது தந்த இயல்பான பார்வை வேண்டுமானால் நிக்கானில் 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸைத்தான் நான் சொல்வேன். 2009இல் வந்தது, 200 கிராம், இன்றும் சிறப்பாக வேலை செய்கிறது. அந்தப் பார்வை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரஸ்ஸோன் சாட்சி. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர் அவர். வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு லைக்காவையும் 50 மி.மீ. லென்ஸையும் வைத்தே கழித்தார். நெருக்கம் வேண்டுமென்றால் ஜூம் வளையத்தைத் திருப்பக்கூடாது, காலை எடுத்து முன்னே வைக்க வேண்டும்.

இப்போது பாடி. கேனனும் நிக்கானும் தங்கள் முழு உழைப்பையும் மிரர் இல்லாத கேமராக்களுக்குத் திருப்பிவிட்டன. நல்ல டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் குவிகின்றன. பணம் குறைந்தவருக்கு இதைவிட நல்ல காலம் வராது. ஒரே விலையில் புதிய ஆரம்பநிலை கேமராவை விட, சில வருடம் பழகிய நடுத்தரக் கேமராவே மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணம் மெகாபிக்சல் அல்ல, வியூஃபைண்டர். நிக்கான் டி3500இல் முகக் கண்ணாடிகளை ஒட்டிச் செய்த அமைப்பு இருக்கிறது. சட்டகத்தில் 95 சதவீதம்தான் தெரியும், அதுவும் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போல. 2015இல் வந்த டி7200இல் ஒரே கட்டியாகக் கடைந்த கண்ணாடிப் பட்டகம். பிரகாசமாக, பெரியதாக, 100 சதவீதமும் தெரியும். ஓரத்தில் நுழையும் மின்கம்பத்தை எடுக்கும்போதே பார்த்துவிடலாம். துளைக்கு ஒன்று, ஷட்டருக்கு ஒன்று என இரண்டு டயல்கள். கண்ணை எடுக்காமல் விரல் வேலை செய்யும்.

டி7200இன் வயிற்றுக்குள் இன்னொரு பொக்கிஷம் உண்டு: ஃபோகஸ் மோட்டார். டி3000, டி5000 வரிசைகளில் அது கிடையாது. சொந்த மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் அவற்றில் தானாக ஃபோகஸ் ஆகாது. டி7200இல் ஆகும். 85 மி.மீ. எஃப் 1.8, 180 மி.மீ. எஃப் 2.8 போன்ற அருமையான பழைய லென்ஸ்கள் எல்லாம் உங்கள் எல்லைக்குள் வந்துவிடும். 1977க்குப் பிறகு வந்த ஏஐ வகைக் கையியக்க லென்ஸ்களுக்கும் அது ஒளியளந்து சொல்லும். 2017இல் வந்த டி7500 அந்த ஒளியளக்கும் வசதியை எடுத்துவிட்டது, இரண்டாவது மெமரி கார்டு இடத்தையும் எடுத்துவிட்டது. பின்னால் வந்ததெல்லாம் மேலானது என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீடியோ முக்கியமென்றால் கேனன் 70டி அல்லது 80டி. சென்சாரிலேயே ஃபோகஸ் செய்யும் டூயல் பிக்சல் முறை முதலில் வந்தது 2013இன் 70டியில்தான். கேனன் இஎஃப் லென்ஸ்களுக்கு இன்னொரு பலமும் உண்டு: நாளை மிரர் இல்லாத கேனனுக்கு மாறினால், ஓர் அடாப்டர் மூலம் அவை ஃபோகஸ் உட்பட முழுமையாக வேலை செய்யும். நிக்கானின் ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு அந்தப் பாக்கியம் குறைவு. மிரர் இல்லாத நிக்கானுக்கான எஃப்டிஇஸட் அடாப்டரில் அவற்றுக்குத் தானியங்கி ஃபோகஸ் கிடையாது.

பழைய லென்ஸ் வாங்கும்போது அவசரம் கூடாது. செல்போன் டார்ச்சைப் பின்புறமிருந்து அடித்து முன்புறம் வழியாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல் கிளை பிரிந்து தெரிந்தால் அது பங்கஸ். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடலோர ஈரக்காற்றில் அது வேகமாகப் பரவும். துளை இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது. துளையை எஃப் 16க்குச் சுருக்கி வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சாரின் தூசி முழுவதும் தெரிந்துவிடும். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள்; டி7200இன் ஷட்டரை 1,50,000 முறைக்குச் சோதித்திருப்பதாக நிக்கான் சொல்கிறது. வீட்டில் தோல் பையில் மூடி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

டெலி லென்ஸ் ஆசை எல்லோருக்கும் வரும். பறவை எடுப்பவருக்கு அது வேண்டும். கேனனின் 55-250 எஸ்டிஎம் தன் விலையை மீறிய கூர்மை உடையது. மற்றவர்கள் ஒரு வருடம் பொறுக்கலாம். எறும்பும் பூவிதழும் எடுக்க விரும்புகிறவர் மேக்ரோ லென்ஸுக்குச் செலவழிக்கும் முன், நிக்கானின் பழைய 50 மி.மீ. எஃப் 1.8 டியை ஒரு தலைகீழ் வளையத்தில் திருப்பிப் பொருத்திப் பார்க்க வேண்டும். லென்ஸிலேயே துளை வளையம் இருப்பதால் திருப்பிய நிலையிலும் வேண்டிய அளவுக்குச் சுருக்கலாம்.

இறுக்கமான பட்ஜெட்டோடு என்னிடம் கேட்டால் என் தீர்ப்பு இதுதான்: பழகிய டி7200 பாடி, 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், ஒரு கூடுதல் பேட்டரி. வீடியோக்காரருக்கு 80டியும் 50 மி.மீ. எஃப் 1.8உம். கிட் லென்ஸ் சேர்ந்து வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கென்று தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்.