வரிசை நீண்டால் நெரிசல் தீருமா?

‘சுவிட்ச்’ என்றதும் சுவரிலுள்ள மின்விளக்குச் சுவிட்ச்தான் உங்கள் நினைவுக்கு வரும். கணிப்பொறிகளை இணைக்கும் வலையமைப்பிலும் சுவிட்ச் உண்டு. பல கம்பிகளில் வரும் செய்திப் பொட்டலங்களை வாங்கி, உரிய கம்பியில் அனுப்பிவைப்பது அதன் வேலை. ஒரே கம்பியில் போகவேண்டிய பொட்டலங்கள் அளவுக்கு மீறி வந்தால் அவை சுவிட்சின் நினைவகத்தில் வரிசையாகக் காத்திருக்கும். நினைவகமும் நிறைந்துவிட்டால், மேலும் வருபவை கைவிடப்படும்.

“அப்படியானால் நினைவகத்தைப் பெருக்கிவிட்டால் போயிற்று!” என்கிறீர்களா? இதே எண்ணத்தை அமெரிக்கப் பொறியாளர் ஜான் நேகிள் 1985 டிசம்பரில் ஒரு சிறு குறிப்பில் ஆராய்ந்தார். நினைவகத்துக்கு எல்லையே இல்லாத சுவிட்சில் என்ன நடக்கும் என்பதே அதன் கேள்வி. ஆர்.எஃப்.சி. 970 என்ற எண் கொண்ட அக்குறிப்பின் நிறைகுறைகளை இங்கே பார்ப்போம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு கம்பி விநாடிக்கு 56,000 பிட் கொண்டுசெல்கிறது. ஒரு பொட்டலம் 8,000 பிட். எனவே விநாடிக்கு 7 பொட்டலங்கள் போகும். வருவதோ 14 என்று கொள்வோம். ஒரு நிமிடம் கழிந்ததும் வரிசையில் 420 பொட்டலங்கள் நிற்கும். அப்போது வந்து சேரும் பொட்டலம் முழுதாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அக்கால இணைய நெறிமுறை ஒவ்வொரு பொட்டலத்துக்கும் விநாடிக் கணக்கில் ஓர் ஆயுளை வகுத்திருந்தது. அது 60 விநாடி என்றால், பல பொட்டலங்கள் வரிசையிலேயே மடியும். தப்பி வெளியேறுபவையும் ஆயுள் முடியும் தறுவாயில் இருப்பதால் அடுத்த சுவிட்ச் அவற்றைக் கைவிட்டுவிடும். முடிவு என்ன? முதலில் வந்தது முதலில் போகும் முறையில், எல்லையற்ற நினைவகம் இருந்தும் ஒரு பொட்டலம்கூட ஊர் போய்ச் சேராது!

இதற்கு நேகிள் சொன்ன மருந்து எளியது. அனுப்புபவர் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வையுங்கள். வரிசைக்கு ஒன்றாக மாற்றி மாற்றி அனுப்புங்கள் என்றார். பந்தியில் இலைக்கு ஒரு கரண்டி பரிமாறுவதுபோல் இது. பேராசை கொண்டு அள்ளி அனுப்புபவரின் வரிசைதான் நீளும். அடுத்தவர் பங்கு குறையாது. நெரிசலை நினைவகக் குறையாகப் பார்க்காமல் பங்கீட்டுக் குறையாகப் பார்த்ததே இக்குறிப்பின் பெருமை.

குறைகளும் உண்டு. கரண்டி எல்லாம் ஒரே அளவு என்று இம்முறை கொண்டுவிட்டது. பெரிய பொட்டலம் அனுப்புபவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் பங்கு கிடைத்துவிடும். 1989இல் டெமர்ஸ், கேஷவ், ஷெங்கர் ஆகிய மூவரும் பொட்டலத்தின் நீளத்தையும் கணக்கில் சேர்த்து இதைத் திருத்தினர்.

அடுத்து, பொட்டலத்தின் ஆயுள் இன்று விநாடியில் எண்ணப்படுவதில்லை; கடந்த நிலையங்களின் எண்ணிக்கையே கணக்கு. ஆகவே நேகிளின் நிரூபணம் இன்று அப்படியே பொருந்தாது. ஆயினும் எச்சரிக்கை பொருந்துகிறது. ஒப்புகை வரத் தாமதமானால் அனுப்பியவர் நகலை அனுப்புவார். வரிசை நகல்களால் நிரம்பும். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது! அனுப்புபவர் எப்படி அளவறிந்து அனுப்புவது என்பதற்கு நேகிளின் குறிப்பில் முழு விடை இல்லை. 1988இல் வான் ஜேக்கப்சன் அதற்கு வழி காட்டினார்.

“முக்கியமான பொட்டலத்துக்கு முன்னுரிமை தந்தால் போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. இன்றைய சுவிட்சுகளில் 8 படிகளில் முன்னுரிமை குறிக்க வசதி இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முன்னுரிமை கம்பியை ஒரு பிட்கூட அகலமாக்காது. ஒருவர் காத்திருப்பை இன்னொருவர் தலையில் இறக்கிவைக்கிறது, அவ்வளவே. விநாடிக்கு ஒரு கோடி பிட் செல்லும் கம்பியில் 64,000 பிட் வேண்டும் தொலைபேசிக் குரலை முன்னே விடலாம்; அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. மேல்படிக்காரரே கம்பியை நிரப்பிவிட்டால் கீழ்ப்படிக்காரர் பட்டினிதான். எல்லாருமே தம் பொட்டலத்தை மேல்படி என்று குறித்துக்கொண்டால் மேல்படி என்பதே இல்லை. ஆகவே முன்னுரிமைக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும்.

நேகிளின் வித்து வீண்போகவில்லை. 2018இல் வெளியான ஆர்.எஃப்.சி. 8290 கூறும் முறை தனித்தனி வரிசை வைக்கிறது; பங்கைப் பொட்டல எண்ணிக்கையில் அல்லாமல் பைட் கணக்கில் அளக்கிறது; வரிசையில் காத்திருக்கும் நேரத்தையும் கவனித்து, மிகுந்தால் பொட்டலத்தைக் கைவிட்டு அனுப்புபவரை எச்சரிக்கிறது.

வீட்டில் ஒருவர் பெரிய திரைப்படக் கோப்பை இறக்கும்போது இன்னொருவரின் இணைய வகுப்பு தடுமாறுகிறதா? “நினைவகம் எவ்வளவு?” என்று கேட்காதீர்கள். “யார் வரிசையில் யார் காத்திருக்கிறார்?” என்று கேளுங்கள். 1985இல் நேகிள் கற்றுத்தந்த கேள்வி அதுதான்.