சூடத் துணுக்கும் சுவரில்லாத பெட்டியும்

சூடத்தைக் கோணல்மாணலாக உடைத்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாத தட்டில் தண்ணீர் ஊற்றிப் போட்டால் துணுக்குகள் தாமாகவே ஓடும். கரையும் சூடம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. குறைவு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இல்லாததால் துணுக்கு ஒரு பக்கமாக இழுபடுகிறது. வடிவம் கோணலென்றால் ஓட்டமும் வளையும். இப்படி வலமோ இடமோ வளைந்தே ஓடுபவற்றை இயற்பியலாளர்கள் 'கைரல்' தன்னியக்கத் துகள்கள் என்கிறார்கள்.

இவை கூட்டமாகச் சேர்ந்தால் என்ன ஆகும்? விடைக்கு இன்று பெரும்பாலும் கணினியையே நாடுகிறோம். 1995-இல் ஹங்கேரியின் விசெக் குழு வகுத்த விதி மிகச் சிறியது: ஒவ்வொரு துகளும் ஒரே வேகத்தில் ஓடி, அக்கம்பக்கத்தின் சராசரித் திசையைக் கொஞ்சம் தடுமாற்றத்தோடு ஏற்கும். 2017-இல் லீப்சென், லெவிஸ் இருவரும் அதில் சுழற்சியைச் சேர்த்தார்கள். மெதுவாகச் சுழன்றால் பெருந்திரள், வேகமாகச் சுழன்றால் ஓரளவுக்குமேல் வளராத சிறு கூட்டங்கள். ஓர் எண்ணை மாற்றியதில் இவ்வளவு வேறுபாடு! இந்த எளிமையின் பலத்தை ஆய்வுக்கூடமும் காட்டியிருக்கிறது. 2014-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீராம் ராமசுவாமி, அஜய் சூட் குழுவினர் அதிரும் தட்டில் மணிகளுக்கிடையே விட்ட உயிரற்ற பித்தளைக் குச்சிகள், ஒன்றையொன்று தொடாமலே ஒரே திசையில் திரண்டன.

ஆனால் கணினியில் துகள்கள் ஓடும் பெட்டிக்குப் பெரும்பாலும் சுவர் கிடையாது. வலப்பக்கம் வெளியேறும் துகள் இடப்பக்கம் நுழையும். இயற்கையில் சுவர்தான் பல நேரம் வளைவையே தீர்மானிக்கிறது. ஈ.கோலை பாக்டீரியா கண்ணாடித் தரையருகே ஒரு பக்கம் வட்டமிடும். நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் நேர் எதிர்ப்பக்கம் வட்டமிடும். துகளுக்கு மாறாத ஒரு சுழற்சியைக் கொடுத்துவிடும் மாதிரியில் இது எப்படிப் பிடிபடும்? தண்ணீரும் விடுபடுகிறது. 2005-இல் கடல்முள்ளெலியின் விந்தணுக்கள் சுழல் சுழலாக அணிவகுத்ததைக் கண்ட ஆய்வாளர்கள், இடையிலிருந்த நீரின் ஓட்டமே அவற்றை இணைத்ததாக விளக்கினார்கள். பக்கத்துத் துகளைப் பார்த்துத் திரும்பு என்ற விதி அங்கே தேவைப்படவில்லை.

திரையில் தெரியும் சுழலும் நுண்ணோக்கியில் தெரியும் சுழலும் ஒத்திருப்பதாலேயே காரணமும் ஒன்றென்று முடிவுகட்டுவதுதான் இந்த முறையின் பெருங்குறை என்பேன்.

சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்தைச் சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள் பல. அங்கே மாணவரின் செயல்திட்டத்துக்கு இத்தகைய நிரல் எழுதவைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நிரலோடு ஒரு தட்டுத் தண்ணீரையும் கொஞ்சம் சூடத்தையும் கொடுங்கள். தட்டின் விளிம்பை மாற்றி, துணுக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்து, நிரல் எங்கே தவறுகிறது என்பதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.